பர்ன்-ஜோன்ஸின் படிக்கட்டில் பதினொரு மாதம்

மூன்று நாள் உட்கார்ந்து வரைந்த ஒரு துணி மடிப்பை ஓவியர் ஒரே நிமிடத்தில் துடைத்து எடுத்துவிட்டார். டர்பென்டைனில் நனைத்த பழைய பனியன் துணி, மேலிருந்து கீழாக இரண்டு இழுப்பு, அவ்வளவுதான். அவர் முகத்தில் கோபம் இல்லை. "நன்றாகத்தான் வரைந்திருக்கிறாய். ஆனால் முடித்தே விட்டாயே, நான் எங்கே ஆரம்பிப்பது?" என்று கேட்டுவிட்டு டீ போடப் போய்விட்டார்.

கும்பகோணம் கவின் கலைக் கல்லூரியில் படித்தவன் நான். மனைவிக்கு லண்டனில் நர்ஸ் வேலை கிடைத்ததால் இங்கே வந்தோம். தெற்கு லண்டனில், ஒரு காலத்தில் குதிரை வண்டி நிறுத்திய கொட்டகையில் ஸ்டுடியோ வைத்திருந்த ஒரு ஓவியரிடம் உதவியாளராகச் சேர்ந்தேன். அவர் பெயரையும், படத்தை வாங்கியவர் பெயரையும் வெளியே சொல்லக் கூடாது என்று கையெழுத்துப் போட்டிருப்பதால் அந்த விவரங்களை விட்டுவிடுகிறேன். வேலை இதுதான்: ஆங்கில ஓவியர் எட்வர்ட் பர்ன்-ஜோன்ஸ் 1880-ல் முடித்த ‘தி கோல்டன் ஸ்டேர்ஸ்’ ஓவியத்தை அதே அளவில், கூடியவரை அதே முறையில், ஒரு தனியார் வீட்டுக்கு மறுபடியும் வரைவது.

படத்தைப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். வளைந்து இறங்கும் ஒரு படிக்கட்டில் பதினெட்டு பெண்கள் இசைக்கருவிகளோடு இறங்கி வருகிறார்கள். எல்லோர் உடையும் வெள்ளைக்குப் பக்கத்து நிறங்கள்: பால் வெள்ளை, சாம்பல் வெள்ளை, பழைய வெள்ளியின் நிறம். கதை என்று எதுவும் கிடையாது. எங்கே போகிறார்கள் என்று அன்றைக்கே பலர் கேட்டார்கள், ஓவியர் பதில் வைக்கவில்லை. உடம்புக்குத் தொழில்முறை மாடல்களை நிற்கவைத்து வரைந்தார். முகங்களில் சில அவருக்குத் தெரிந்த வீட்டுப் பெண்களுடையவை. மகள் மார்கரெட்டும் நண்பர் வில்லியம் மாரிஸின் மகள் மேயும் அதில் இருக்கிறார்கள். உயரம் 269 சென்டிமீட்டர், அகலம் 117. லண்டன் டேட் அருங்காட்சியகத்துக்குச் சொந்தமான படம் இது. புத்தகத்தில் பார்த்தால் அழகு. உதவியாளனாகப் பார்த்தால் பதினெட்டு பாவாடை, முப்பத்தாறு கை.

பர்ன்-ஜோன்ஸிடம் இந்த வேலையைச் செய்தவர் தாமஸ் மாத்யூஸ் ரூக். 1869-ல் சேர்ந்தவர், 1898-ல் பர்ன்-ஜோன்ஸ் இறக்கும்வரை கூடவே இருந்தார். கிட்டத்தட்ட முப்பது வருஷம் ஒரே ஆளிடம். ஃபுல்ஹாமில் ‘தி கிரேஞ்ச்’ என்ற வீடு. பெரிய படங்களுக்காக 1882-ல் தோட்டத்தின் பின்கோடியில் இன்னொரு ஸ்டுடியோவும் கட்டிக்கொண்டார்கள். வீட்டை எப்போதோ இடித்துவிட்டார்கள். ஒரு சனிக்கிழமை போய்ப் பார்த்தேன்: அடுக்குமாடிக் குடியிருப்பும் சைக்கிள் நிறுத்துமிடமும்தான் இருந்தன.

ரூக்கின் வேலை என்னவென்று யாராவது கேட்டால் "கலரை எடுத்துக் கொடுப்பது" என்று நினைத்துக்கொள்வார்கள். அது கடைசியாகச் செய்யும் சில்லறை வேலை. சிறிய வரைபடத்தைப் பெரிதாக்குவது, அதை கேன்வாஸுக்கு மாற்றுவது, அடிவண்ணம் போடுவது, பின்னணியையும் கல்லையும் பூ வேலையையும் நிரப்புவது, விற்றுப்போன படத்துக்கு இன்னொரு பிரதி எடுப்பது இதெல்லாம்தான் விக்டோரியா காலத்து ஸ்டுடியோ உதவியாளரின் பிழைப்பு. ஓவியரின் கை படுவதற்கு முன்னால் பல மாத வேலை நடந்து முடிந்திருக்கும்.

பெரிதாக்குவதில்தான் என் முதல் சறுக்கல். முறை என்னவோ பழையதுதான். சின்னப் படத்தில் கட்டம் போட்டு, கேன்வாஸிலும் அதே எண்ணிக்கையில் பெரிய கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டமாக மாற்றுவது. சென்னையில் சினிமா பேனர் எழுதியவர்கள் செய்ததும் இதைத்தான். நாங்கள் 9 சென்டிமீட்டர் கட்டம் என்று முடிவு செய்தோம். குறுக்கே சரியாக 13 வரும், உயரத்தில் 30-க்குக் கொஞ்சம் குறையும். நான் என்ன செய்தேன் என்றால், முதல் கட்டத்தை அளந்தேன், அதன் ஓரத்திலிருந்து இரண்டாவதை அளந்தேன், அதிலிருந்து மூன்றாவதை. பென்சில் முனையின் தடிமன், கண்ணின் சாய்வு எல்லாம் சேர்ந்து ஒவ்வொரு கட்டத்திலும் அரை மில்லிமீட்டர் கூடிப்போனது. அரை மில்லிமீட்டரை யார் கண்டார்கள்? மேல் விளிம்புக்குப் போனபோது ஒன்றரை சென்டிமீட்டராகக் காத்திருந்தது. மேல்படியில் நிற்கும் பெண்ணின் தலை சட்டத்துக்குள் இடிக்கும் நிலை.

ஒரு தச்சருக்குச் சொன்னால் சிரிப்பார். எல்லா அளவையும் ஒரே விளிம்பிலிருந்து எடுக்க வேண்டும்: 9, 18, 27, 36 என்று நாடாவை நகர்த்தாமல் புள்ளி வைத்துக்கொண்டே போக வேண்டும். அப்போது ஒரு புள்ளி தவறினாலும் அந்தத் தவறு அடுத்த புள்ளிக்குத் தாவாது. அதற்கும் முன்னால், மூலைமட்டத்தை நம்பாமல் கேன்வாஸின் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்துபாருங்கள். இரண்டும் சமமாக வரவில்லை என்றால் சட்டமே கோணல், கட்டம் போட்டுப் பயனில்லை. கோட்டை அளவுகோல் வைத்து இழுக்காமல் கரிப்பொடி தேய்த்த நூலை இருவர் பிடித்து அடிப்பது நல்லது. மூன்று மீட்டருக்கு அளவுகோல் வளையும், இழுத்துப் பிடித்த நூல் வளையாது. இந்த மூன்றையும் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு வாரமும், அழித்து அழித்துக் கறுத்துப்போன ஒரு கேன்வாஸும் செலவானது. அந்த கேன்வாஸை ஓவியர் மேசை விரிப்பாகப் போட்டுவிட்டார். தினமும் அதன்மேல்தான் எனக்கு டீ வைப்பார்.

சரி, துடைத்து எடுத்த மடிப்புக்கு வருகிறேன்.

எங்கள் ஓவியரின் முறையில் அடிவண்ணம் ஒரே நிறத்தில் போகும். பழுப்பு மண்ணும் வெள்ளையும் மட்டும். வெளிச்சம் எங்கே, நிழல் எங்கே என்று சொல்லிவிட வேண்டும், அதற்கு மேல் பேசக் கூடாது. எண்ணெய் குறைவாக, மெல்லிசாக, விளிம்புகளைக் கொஞ்சம் கலைத்தாற்போல விட வேண்டும். எண்ணெய் குறைந்த அடுக்கு கீழே, எண்ணெய் மிகுந்தது மேலே. மாறிப்போனால் கீழே காயாமல் மேலே காய்ந்து, சில வருஷத்தில் வறண்ட குளம்போல வெடிக்கும். இதெல்லாம் கல்லூரியிலேயே படித்ததுதான். படிக்காதது விளிம்பு. நான் ஒவ்வொரு மடிப்பின் ஓரத்தையும் கூர்மையாகத் தீட்டி வைத்திருந்தேன், பெருமையோடு. ஓரம் கூர்மையாகிவிட்டால் அதன்மேல் வருபவருக்கு இரண்டே வழி: அதையே பின்பற்றுவது அல்லது அதோடு சண்டை போடுவது. தன் கோட்டைத் தானே தேடிக்கொள்ளும் இடம் அவருக்கு இருக்காது.

அதன்பிறகு ஒரு வேலையை எங்கே நிறுத்துவது என்பதற்கு ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். ஐந்தடி பின்னால் போய் நின்று பார்ப்பேன். மடிப்பு துணி என்று தெரிந்தால் போதும், பட்டா பருத்தியா என்று தெரிய ஆரம்பித்தால் நான் எல்லை தாண்டிவிட்டேன். பட்டா பருத்தியா என்று சொல்வது ஓவியரின் உரிமை. இந்தக் கணக்கு எல்லா ஓவியருக்கும் பொருந்தாது. சேர்ந்த முதல் வாரமே, "உங்களிடம் எந்த நிலையில் ஒப்படைக்க வேண்டும்?" என்று கேட்டு, அவர் கையால் ஒரு சாண் அளவுக்கு மாதிரி போட்டு வாங்கி சுவரில் மாட்டிக்கொள்வது நல்லது. நான் கேட்கவில்லை. கேட்டால் தெரியாதவன் என்று நினைப்பார்களோ என்ற கூச்சம். கும்பகோணத்திலிருந்து நான் கொண்டுவந்த பாரங்களில் கனமானது அந்தக் கூச்சம்தான்.

துணி மடிப்பைப் பற்றி இன்னொன்று. மாடல் பெண் இல்லாத நாட்களில் மரப் பொம்மைக்கு உடை உடுத்தி நிறுத்துவோம். விக்டோரியா கால ஸ்டுடியோக்களிலும் மூட்டு வைத்த ஆள் உயரப் பொம்மைகள் இருந்தன. மனிதர்கள் அசைந்தால் மடிப்பு மாறும், பொம்மை அசையாது. ஆனால் கதவைத் திறந்தால் காற்று அசைக்கும். சுத்தம் செய்ய வந்த பெண்மணி ஒருநாள் பாசத்தோடு அந்த மடிப்புகளைத் தட்டி ஒழுங்காக நீவிவிட்டுப் போனார். அன்றிலிருந்து, பொம்மையின் பாதத்தைச் சுற்றியும் படத்தைத் தாங்கும் ஈசல் சட்டத்தின் மூன்று காலைச் சுற்றியும் தரையில் டேப் ஒட்டினேன். மாலை கிளம்புமுன் நான்கு பக்கமும் போட்டோ எடுத்தேன். கழுத்தில் ‘தொடாதீர்கள்’ என்று ஒரு அட்டையும் மாட்டினேன். அட்டை மாட்டிய பொம்மையைப் பார்த்து ஓவியர் "தூக்கில் போட்டவள் மாதிரி இருக்கிறாள்" என்றார்.

ஸ்டுடியோவில் ரூக்கைப் பற்றி ஓவியர் அடிக்கடி பேசுவார். எனக்கு ஆர்வம் வந்து மற்ற உதவியாளர்களைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க, இது ஒரே வேலை இல்லை என்று புரிந்தது.

ஹென்றி ட்ரெஃப்ரி டன் என்பவரை எடுத்துக்கொள்ளுங்கள். 1867 வாக்கில் ஓவியர் தான்தே கேப்ரியல் ரொஸெட்டியிடம் சேர்ந்தவர். தேம்ஸ் ஓரம், செய்ன் வாக் தெருவில் 16-ம் எண் வீடு. டன் அங்கே உதவியாளர் மட்டுமா? வீட்டு நிர்வாகமும் அவர் தலையில்தான். அந்த வீட்டில் மயில், ஆர்மடில்லோ, ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த வாம்பட் என்று ஒரு மிருகக்காட்சி சாலையே இருந்தது. கூடவே, தூக்கத்துக்குக் குளோரல் குடித்துக் குடித்து உடைந்துகொண்டிருந்த ஒரு மேதையும். இவற்றுக்கு நடுவில் டன் பிரதிகள் வரைந்தார். ‘லேடி லிலித்’ ஓவியத்தின் நீர்வண்ணப் பிரதி ஒன்று நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1867-ல் வரைந்தது. ரொஸெட்டி, டன் என்று இருவர் பெயரையும் அங்கே போட்டிருக்கிறார்கள். மூல எண்ணெய் ஓவியத்துக்கு அப்புறம் என்ன ஆனது தெரியுமா? 1872-73-ல் ரொஸெட்டி அதில் இருந்த மாடல் ஃபேனி கார்ன்ஃபோர்த்தின் முகத்தை அழித்துவிட்டு இன்னொரு மாடலான அலெக்சா வைல்டிங்கின் முகத்தை வைத்தார். ஆக, முதலில் அந்தப் படம் எப்படி இருந்தது என்று பார்க்க வேண்டுமானால் பிரதியிடம்தான் போக வேண்டும். பிரதி எடுப்பவன் இரண்டாந்தரக் கலைஞன் என்று யாராவது சொன்னால் எனக்கு இந்த முகம்தான் ஞாபகம் வரும்.

டன்னின் கதையிலிருந்து நான் எடுத்துக்கொண்டது வேறு ஒன்று. ஸ்டுடியோ வேலையும் வீட்டு வேலையும் எங்கே பிரிகின்றன என்று ஆரம்பத்திலேயே பேசிவிட வேண்டும். எனக்கும் அது நடந்தது. முதலில் "வரும் வழியில் ஒரு பாக்கெட் பால்" என்றார், அப்புறம் காரை சர்வீஸுக்கு விடச் சொன்னார், அப்புறம் அவருடைய அக்காவை மருத்துவமனைக்கு அழைத்துப் போகச் சொன்னார். பெரியவர் கேட்கிறார் என்று நானும் ஓடினேன். நாலாவது மாதம் மனைவி கேட்டாள்: "என்னங்க, நீங்க படம் வரையப் போறீங்களா, டிரைவர் வேலைக்குப் போறீங்களா?" அன்றிரவு உட்கார்ந்து ஒரு நோட்டில் நேரம் எழுத ஆரம்பித்தேன்: எத்தனை மணி கேன்வாஸில், எத்தனை மணி மற்றதில். மாதக் கடைசியில் அதை ஓவியரிடம் காட்டினேன். வாதாடவில்லை, காட்டினேன், அவ்வளவுதான். அவர் படித்துவிட்டு, மற்ற வேலைக்கும் மணிக்கணக்கில் பணம் சேர்த்துக் கொடுத்தார். அதற்கு முந்தைய மூன்று மாதப் பணம் போனது போனதுதான். நோட்டை முதல் நாளே ஆரம்பித்திருந்தால் வந்திருக்கும்.

எட்வர்ட் ராபர்ட் ஹியூஸ் செய்த வேலை என்னைப் பொறுத்தவரை இவை எல்லாவற்றையும்விடக் கடினம். ஓவியர் வில்லியம் ஹோல்மன் ஹன்ட்டுக்கு முதுமையில் கண் பார்வை மங்கியது. இலை நரம்பைக்கூட விடாமல் வரைந்து பேர் வாங்கிய மனிதர் அவர். அவருடைய ‘தி லைட் ஆஃப் தி வேர்ல்ட்’ ஓவியத்தின் மூன்றாவது, பெரிய பிரதிக்கு ஹியூஸ்தான் கை கொடுத்தார். கதவைத் தட்டும் கிறிஸ்துவின் அந்தப் படம் 1905-லிருந்து இரண்டு ஆண்டுகள் கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா என்று சுற்றிவிட்டு 1908-ல் செயின்ட் பால் பேராலயத்துக்குப் போய்ச் சேர்ந்தது. இன்றும் அங்கேதான் இருக்கிறது, நான் இரண்டு முறை போய் அதன்முன் நின்றேன். எவ்வளவு நின்றும் எது யார் தீட்டியது என்று பிரித்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை. ஹியூஸுக்கு அதைவிடப் பெரிய பாராட்டும் கிடையாது, அதைவிடப் பெரிய இழப்பும் கிடையாது. ஆனால் அவர் சொந்தமாகவும் வரைந்துகொண்டே இருந்தார். 1912-ல் அவர் வரைந்த நீல இரவுப் பெண் இப்போது பர்மிங்காமில் இருக்கிறாள். ஹன்ட்டின் நிழல் துளியும் அதில் விழவில்லை.

எங்கள் ஓவியருக்கும் வயது எழுபத்திரண்டு. எட்டாவது மாதத்தில் கை நடுங்க ஆரம்பித்தது. இசைக்கருவிகளின் தந்திக் கோடுகளை என்னைப் போடச் சொன்னார். அப்படிச் சொன்னபோது என் பக்கம் திரும்பவில்லை. அந்த மாதிரி நேரத்தில் உதவியாளன் என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லித் தருவதில்லை. நான் கோலை அவரிடம் கொடுத்தேன். ஓவியர்கள் கையைத் தாங்க ஈசலில் சாய்த்து வைக்கும் நீளக் கோல் அது. ஒரு முனையை நான் அசையாமல் பிடித்துக்கொண்டேன், அவரே மூன்று தந்தியை இழுத்தார். நாலாவதில் போதும் என்றார். மீதியை நான் போட்டேன். அதைப் பற்றி இருவரும் அப்புறம் பேசவில்லை.

பொருட்களைப் பற்றிச் சில விஷயங்கள்.

ஈய வெள்ளையை இப்போது எல்லாக் கடையிலும் விற்பதில்லை. காரணம் அது விஷம். ஆனால் அதன் வழவழப்பும் சீக்கிரம் காயும் குணமும் வேறு வெள்ளையில் இல்லை என்று எங்கள் ஓவியர் அதையேதான் பிடித்துக்கொண்டிருந்தார். கையுறை இல்லாமல் தொடாதீர்கள். காய்ந்ததை உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், தூசு நுரையீரலுக்குப் போகும். அதே மேசையில் சாப்பிடாதீர்கள். நம் ஆட்களுக்கு இதில் கூடுதல் ஆபத்து, நாம் கையால் சாப்பிடுகிறவர்கள். வீட்டிலிருந்து கொண்டுபோகும் புளிசாதத்தை வாசலில் உட்கார்ந்து ஸ்பூனால்தான் சாப்பிட்டேன். பிரஷ் கழுவும்போது கையுறை போட்ட கையால் முனையைக் குவிப்பது பரவாயில்லை, வாயால் குவிக்கும் பழக்கம் இருந்தால் அந்த வேலைக்கே போகாதீர்கள்.

பெயரை நம்பாமல் பொருளைக் கேளுங்கள். ‘மம்மி பிரவுன்’ என்று ஒரு பழுப்பு அந்தக் காலத்தில் டியூபில் விற்றது. அது சும்மா பெயர்தான் என்று பர்ன்-ஜோன்ஸ் நினைத்துக்கொண்டிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்த ஓவியர் ஆல்மா-டடேமா, வண்ணம் தயாரிப்பவரிடம் அரைக்க வைத்திருக்கும் ஒரு எகிப்திய மம்மியைப் பார்க்க வரச் சொன்னார்கள் என்று சொல்லிவிட்டார். பர்ன்-ஜோன்ஸ் உடனே ஸ்டுடியோவுக்கு ஓடி, இருந்த ஒரே டியூபை எடுத்துவந்து, தோட்டத்தில் குழி தோண்டி, குடும்பம் சுற்றி நிற்க அடக்கம் செய்தார். ஒரு பெண் அதன்மேல் டெய்சிச் செடி நட்டாள். பர்ன்-ஜோன்ஸின் மனைவி ஜார்ஜியானாவும், அவர் அக்கா மகனும் எழுத்தாளருமான ருட்யார்ட் கிப்ளிங்கும் இதை எழுதி வைத்திருக்கிறார்கள். இது எல்லோருக்கும் பிடித்த வேடிக்கைக் கதை. எனக்கென்னவோ அந்த டியூபை அதுவரை பிதுக்கிக் கொடுத்துவந்த கையைப் பற்றித்தான் யோசனை போனது.

இதைவிட உபயோகமான கதை ஒன்று உண்டு. ‘லவ் அமங் தி ரூயின்ஸ்’ பர்ன்-ஜோன்ஸ் நீர்வண்ணத்தில் வரைந்த பெரிய படம். பார்த்தால் எண்ணெய் ஓவியம்போலவே கனமாக இருக்கும். 1893-ல் அச்சுப் பிரதி எடுப்பதற்காகப் பாரிசுக்குப் போனபோது, எண்ணெய் ஓவியம் என்று நினைத்து யாரோ அதன்மேல் முட்டை வெள்ளையைப் பூசிவிட்டார்கள். நீர்வண்ணத்தின்மேல் ஈரம்! படம் பாழ் என்றே முடிவு கட்டி, பர்ன்-ஜோன்ஸ் எண்ணெயில் இன்னொன்று வரைந்தார். ஐந்து வருஷம் கழித்து, மாட்டுப் பித்தநீரால் கழுவிப் பார்க்கலாம் என்று யோசனை சொன்னவர் சார்ல்ஸ் ஃபேர்ஃபாக்ஸ் மரே. அவரும் பர்ன்-ஜோன்ஸின் பழைய உதவியாளர்தான். 1866-ல் பையனாகச் சேர்ந்து, பின்னால் பெரிய கலை வியாபாரியாகி, நல்ல காசு பார்த்த ஆள். சாவதற்குச் சில வாரங்களுக்கு முன்பு பர்ன்-ஜோன்ஸே அந்தப் படத்தைச் சரிசெய்தார். 2013-ல் அது ஏறத்தாழ 1.48 கோடி பவுண்டுக்கு ஏலம் போனது.

இதைப் படித்த மறுநாளே, ஸ்டுடியோவில் இருந்த ஒவ்வொரு படத்தின் முதுகிலும் ஒரு சீட்டு ஒட்டினேன்: என்ன வண்ணம், எந்தப் பசை, வார்னிஷ் உண்டா இல்லையா, என்றைக்குப் போட்டது. ஓவியருக்குத் தன் படத்தில் என்ன இருக்கிறது என்று தெரியும். வண்டியில் ஏற்றுகிறவருக்கும் சட்டம் போடுகிறவருக்கும் தெரியாது.

பேச்சு விஷயம் ஒன்று பாக்கி இருக்கிறது. ஜார்ஜியானா சொல்லி, ரூக் 1895-லிருந்து ஸ்டுடியோவில் பர்ன்-ஜோன்ஸ் பேசியதையெல்லாம் குறித்து வைத்தார். ஒரு ஓவியர் வேலை செய்துகொண்டே என்ன பேசுவார் என்று இன்று நமக்குத் தெரிவது அவரால்தான். ஸ்டுடியோவில் ஓவியர் பேசிக்கொண்டே இருப்பார். கேட்பதும் வேலையின் ஒரு பகுதி. நானும் ரூக்கைப் பார்த்துக் குறிப்பெடுக்க ஆரம்பித்தேன். இரண்டு வாரத்தில் நிறுத்திவிட்டேன். அவருக்குத் தெரியாமல் எழுதுகிறோம் என்ற நினைப்பில் பிரஷ் பிடிக்கும் கை கூசியது. வண்ணக் கலவைகளை மட்டும் குறித்துக்கொண்டேன். அவர் குடும்பத்தைப் பற்றிப் பேசியதெல்லாம் என் காதோடு நின்றுவிட்டது.

பத்தாவது மாதம் என் மகளின் பிறந்தநாளுக்காக அவள் முகத்தை வரைந்தேன். ஏழு வயது, உருண்டை முகம், முன்பல் இரண்டு இல்லை. முடித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "யாருப்பா இந்த அக்கா? ஏன் அழுவுறாங்க?" என்று கேட்டாள். அப்போதுதான் நானே பார்த்தேன். நீண்ட தாடை, கனத்த கண்ணிமை, எங்கோ பார்க்கும் பார்வை. பர்ன்-ஜோன்ஸின் பத்தொன்பதாவது பெண்!

அன்று எனக்கு உண்மையிலேயே பயம் வந்தது. பதினெட்டு முகத்தை நாள் முழுக்கப் பின்பற்றிய கை, வீட்டுக்கு வந்தும் அதையே வரைகிறது. ரூக்குக்கும் இது நடந்திருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். அவருடைய ‘ரூத்தின் கதை’ டேட் அருங்காட்சியகத் தொகுப்பில் இருக்கிறது, 1876-77-ல் வரைந்தது. அதன் முகங்களைப் பார்த்தால் எந்த வீட்டுப் பிள்ளைகள் என்று சொல்லிவிடலாம். ஆனால் அவர் கட்டடங்களை வரைந்த நீர்வண்ணங்கள் வேறு மாதிரி. கலை விமர்சகர் ஜான் ரஸ்கின் 1879-ல் அவரை வெனிசுக்கு அனுப்பி புனித மார்க் ஆலயத்தின் மொசைக்கைப் பதிவு செய்யச் சொன்னார். அதன்பின் பல ஆண்டுகள், ஸ்டுடியோவிலிருந்து விடுபட்டு ஐரோப்பாவின் பழைய ஊர்களுக்குப் போய், இடியப்போகிற வீதிகளையும் தேவாலய முகப்புகளையும் வரைந்து வந்தார். அவற்றில் பர்ன்-ஜோன்ஸ் இல்லை. கல்லுக்குத் தாடை கிடையாதே! 1842-ல் பிறந்தவர், 1942 வரை வாழ்ந்தார். எஜமானர் போன பிறகும் நாற்பத்து நாலு வருஷம்.

வேலை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது நான் மூன்று வரி சேர்க்கச் சொன்னேன். ஞாயிறும் ஆகஸ்ட் மாதமும் எனக்கு. நான் வரைந்த பயிற்சித் தாள்களை, வாங்கியவர் பெயர் சொல்லாமல், என் வேலை மாதிரியாக மற்றவர்களுக்குக் காட்டலாம். சம்பளம் மாத முதல் வாரத்துக்குள். மூன்றாவதுக்குத்தான் ஓவியர் முகத்தைச் சுளித்தார்.

படம் கிளம்பிய நாளைச் சொல்லாமல் விட முடியாது. சட்டத்தோடு சேர்த்து மூன்று மீட்டர் தொடும். கொட்டகைக் கதவின் உயரம் இரண்டேகால் மீட்டர். பதினொரு மாதமாக அந்தக் கதவு வழியாகத்தான் தினமும் உள்ளே போய் வந்திருக்கிறோம், யாருக்கும் உறைக்கவில்லை. கென்சிங்டனில் விக்டோரியா கால ஓவியர் லெய்ட்டன் பிரபுவின் வீட்டுக்குப் போனால் ஸ்டுடியோ மூலையில் சுவரோடு ஒட்டி ஒல்லியாக, மிக உயரமாக ஒரு திறப்பைக் காட்டுவார்கள். பெரிய கேன்வாஸை இறக்குவதற்கென்றே வைத்தது. மாடல்கள் வந்துபோகத் தனிப் படிக்கட்டும் உண்டு. அதையெல்லாம் நின்று ரசித்துவிட்டு வந்தவன்தான் நான்! கடைசியில் சட்டத்தைக் கழற்றி, படத்தை அதன் நீளப் பக்கத்தில் படுக்கவைத்து, நான்கு பேர் பிடித்து, பக்கவாட்டாக வெளியே எடுத்தோம். பதினெட்டு பெண்களும் படுத்தபடியே தெருவுக்குப் போனார்கள். கேன்வாஸ் வாங்கும் முன் கதவை அளந்துகொள்ளுங்கள்.

ஆகஸ்டில் மகளைக் கூட்டிக்கொண்டு பெட்ஃபோர்ட் பார்க் போனேன். டர்ன்ஹம் கிரீன் ஸ்டேஷனில் இறங்கி நடக்கிற தூரம். ரூக் குடியிருந்த பகுதி அது, சிவப்புச் செங்கல் வீடுகள், வெள்ளை மர வேலி. ஒரு வீட்டு முகப்பை வரைய நடைபாதையில் மடக்கு நாற்காலி போட்டேன். பாதியில் தூறல் வந்தது. மகள் குடையை எனக்குப் பிடிக்காமல் தாளுக்குப் பிடித்தாள். செங்கல்லுக்குக் கலந்த சிவப்பு மழையில் கொஞ்சம் ஓடி, ஜன்னலுக்குள் இறங்கிவிட்டது. "உள்ள யாரோ லைட் போட்டிருக்காங்கப்பா" என்றாள். அதை நான் துடைக்கவில்லை.